நீலியும் நான்காம் அச்சமும்



அச்சம் எவற்றிலிருந்து பிறக்கிறது என்னும் வினாவிற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. முதல் மூன்றும் எளிதில் விளங்குவன. பேயும் புலியும் வழிப்பறிக்காரனும் எந்நாட்டவர்க்கும் அச்சம் தருவனவே. நான்காவதே நின்று எண்ணத்தக்கது. இறை என்பதனுள் தந்தையர், ஆசிரியர், அரசர் முதலாயினாரை அடக்குவார் பேராசிரியர். அவர்பால் தோன்றுவது மதிப்பின் வழிப்பட்ட அச்சம் என்று அமைதி கூறலாம். ஆயினும் காக்கும் நிலையில் உள்ளாரைப் பேயோடும் புலியோடும் ஒரே நூற்பாவில் வைத்து எண்ணிய நுட்பம் தற்செயலானதன்று.

இந்நூற்பாவை இன்று நினைவுகூர்வதற்குக் காரணம் ஒரு விளையாட்டு. கதைமாந்தர் ஏற்று விளையாடும் மேசை விளையாட்டு என்று அதனைக் கூறலாம். நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். 'கதவைத் திறக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால் உள்ளே இருப்பது யாது என்பதை நடத்துவோர் உரைப்பார். செயல் கைகூடுமா என்னும் ஐயம் எழுமிடத்துப் பகடை உருளும். மேடையில்லை, ஒப்பனையில்லை, சொல்லே முதற்கருவி. திண்ணையில் அமர்ந்து பாட்டியிடம் கதை கேட்டு, இடையிடையே 'அவன் அங்கே போகக்கூடாது' என்று குறுக்கிட்ட எவரும் இதன் பாதியை முன்பே ஆடியவரே.

1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையில் முன்னோடியானது. 1977-இல் அதற்கென்றே 'மான்ஸ்டர் மேனுவல்' என்னும் அரக்கர் தொகுதி ஒன்றும் வந்தது. முந்நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களும் பேய்களும் அதில் அகரவரிசையில் அணிவகுக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கவசத்தின் வலிமை இவ்வளவு, தாங்கும் அடி இவ்வளவு, தரும் காயம் இவ்வளவு, காத்து வைத்திருக்கும் புதையல் இவ்வளவு என்று எண்கள் உண்டு. விளையாட்டு நடைபெற எண்கள் வேண்டும். அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் எண் தெரிந்த பகை அச்சம் தருவதில்லை. எத்தனை முறை அடித்தால் விழும் என்று கணக்குப் போடத் தொடங்கியவர் வியர்ப்பதில்லை. உண்மையிலேயே அஞ்சத்தக்க அரக்கரைப் படைப்பது எவ்வாறு என்னும் வினா இவ்விளையாட்டை நடத்துவோரிடையே ஓயாது எழுவதன் காரணம் இதுவே.

அத்தொகுதியில் நம் நாட்டுச் சரக்கும் ஒன்றுண்டு. 'ராட்சசன்' என்னும் பெயரில் புலித்தலையோடு கூடிய உருவம் ஒன்று, கையில் புகைக்குழாய் ஏந்தி, சீமான் வீட்டு அங்கி அணிந்து அமர்ந்திருக்கும். இராமாயணத்தைப் படித்துத் தீட்டியதன்று அது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் 1974-இல் வந்த ஒரு கதையே அதன் ஊற்று. அக்கதையின் அரக்கன், இரையாகப் போகிறவர் எவரை மிகவும் நம்புகிறாரோ அவருடைய வடிவிலேயே வருவான். இக்கருத்தின் சாயல் விளையாட்டு நூலிலும் இருக்கிறது. ஆனால் படம் அதனைக் கெடுத்துவிட்டது. நம்பியவர் முகத்தில் வரவேண்டியவனுக்குப் புலிமுகத்தைத் தீட்டிவிட்டால் எஞ்சுவது விலங்கு ஒன்றே. கம்பனின் இராவணன் பத்துத் தலையோடு பன்னசாலைக்கு வரவில்லை. முதுமையால் தளர்ந்த தவசியாக வந்தான் என்பதை அவ்வோவியருக்கு எவரும் சொல்லவில்லை போலும்.

உருவத்தை முழுதும் காட்டிவிட்டால் அச்சம் குன்றும் என்பதற்கு நம் இலக்கியத்திலேயே சான்று உண்டு. திருமுருகாற்றுப்படையில் களத்தில் துணங்கையாடும் பேய்மகளைக் காண்க. உலர்ந்த மயிர், நிரையில்லாப் பல், சுழலும் விழி, காதில் தொங்கும் கூகையும் பாம்பும் எனச் சில அடிகளில் தோன்றி மறைந்துவிடுகிறாள். அவளுக்கு ஊர் இல்லை, வரலாறு இல்லை, பேச்சும் இல்லை. படிப்பவர் நெஞ்சில் அவள் நெடுநேரம் நிற்பதற்கு அந்தச் சுருக்கமே காரணம். சயங்கொண்டாரோ கலிங்கத்துப்பரணியில் பேய்களுக்கெனத் தனிப் பகுதியே வகுத்தார். முடப்பேய், குருட்டுப்பேய், ஊமைப்பேய், செவிட்டுப்பேய், கூன்பேய் என்று ஒவ்வொன்றாக அறிமுகம் செய்தார். முதுபேய் ஒன்று காளியின்முன் இந்திரசாலம் காட்டும்போது, இல்லாத குருதியை உண்மையென்று நம்பிப் பசித்த பேய்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அள்ளி அள்ளி ஏமாறுகின்றன. கூழுண்ணும் பந்தியில் சமணப்பேய்க்கு ஒரு முறை, புத்தப்பேய்க்கு ஒரு முறை எனப் பரிமாறுதலும் நடக்கிறது. படிப்பவர்க்குச் சிரிப்பு வருகிறது. சற்றே இரக்கமும் வருகிறது. பசியால் வாடும் உயிர்களிடம் எவ்வளவு நேரம் அஞ்சுவது? சயங்கொண்டார் நகையை நாடியே இதனைச் செய்தார். அரக்கர் தொகுதியார் நாடாமலே செய்துவிட்டனர்.

நேர்நின்று அச்சுறுத்துவது பயன்படாது என்பதை ஒரு பேயின் வாயிலாகவே காட்டும் காப்பியமும் உண்டு. நீலகேசியின் தொடக்கத்தில் சுடுகாட்டில் தவம் செய்யும் சமண முனிவரை வெருட்டப் பழையனூர் நீலி வருகிறாள். அவள் செய்யும் கொடுந்தோற்றம் எதுவும் அவரை அசைக்கவில்லை. பின்னர் அழகிய பெண் வடிவெடுத்து வருகிறாள்; அதுவும் அவரிடம் பலிக்கவில்லை. இறுதியில் அவரிடமே அறங்கேட்டு, வாதம் புரியும் தத்துவப் பெண்ணாக மாறிவிடுகிறாள். பேய் இங்கே தோற்றதற்குக் காரணம் முனிவரின் ஆற்றல் மட்டுமன்று. அவர் தனியர், பற்று அற்றவர், எவரையும் காக்கும் பொறுப்பில் இல்லாதவர். அவரிடம் பேய்க்குப் பிடிகிடைக்கவில்லை.

அதே நீலி திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் எழுபது வேளாளரிடம் வந்தபோது அவளுக்குப் பிடி கிடைத்தது. ஞானசம்பந்தர் தம் ஆலங்காட்டுப் பதிகத்தில் வஞ்சத்தால் உயிர் கவர்ந்த ஒருத்தியைக் குறிப்பிட்டு, அச்செய்தி கேட்டு அஞ்சும் ஊர் என்று பழையனூரைச் சுட்டுகிறார். இந்த அண்ணாமலை நகரை ஒட்டிய கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணம், நீலியின் வஞ்சனையையும் சொன்ன சொல் தவறாது தீப்புகுந்த எழுபதின்மரையும் பாடுகிறது. நாட்டுப்புறத்தில் இக்கதை பல வடிவங்களில் வழங்குகிறது. அவற்றின் பொதுவான சாரம் இது.

முற்பிறவியில் ஒருவன் தன் மனைவியைக் கொன்றான். மறுபிறவியில் அவன் வணிகன், அவள் பேய். பேயால் தீங்கு வரும் என்று அறிந்த வணிகன் காப்பாக ஒரு கத்தியைக் கைவிடாது வைத்திருக்கிறான். கத்தி இருக்கும்வரை அவள் நெருங்க முடியாது. அவள் கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவனைப் பின்தொடர்ந்து பழையனூர் அவையை அடைகிறாள். 'இவர் என் கணவர்; எங்களைக் கைவிட்டு ஓடுகிறார்' என்று அழுகிறாள். வணிகன் மறுக்கிறான். அவையோர் குழந்தையை இறக்கிவிடச் சொல்கின்றனர். அது நேரே வணிகனிடம் சென்று ஒட்டிக்கொள்கிறது. அவை தெளிந்துவிட்டது. இருவரும் அன்றிரவு ஒரே இடத்தில் தங்கட்டும் என்று தீர்ப்பாகிறது. 'அவர் கையில் கத்தி இருக்கிறதே, என்னைக் கொன்றுவிடுவாரே' என்கிறாள் அவள். நியாயந்தானே! அவையோர் கத்தியை வாங்கிக்கொள்கின்றனர். 'உன் உயிருக்குத் தீங்கு நேர்ந்தால் எங்கள் எழுபது உயிரும் ஈடு' என்று வணிகனுக்கு வாக்களிக்கின்றனர். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடக்கிறான். எழுபதின்மரும் வாக்கைக் காத்துத் தீயில் இறங்குகின்றனர்.

இக்கதையில் பேய் செய்தது என்ன? பல்லைக் காட்டவில்லை, கூந்தலை விரிக்கவில்லை. சான்று கேட்டபோது சான்று தந்தது, பாதுகாப்புக் கேட்டது, அவ்வளவே. எஞ்சிய அனைத்தையும் செய்தவர்கள் நல்லவர்கள். குழந்தையிடம் இரங்கியதும், கைவிடப்பட்ட பெண்ணுக்குத் துணைநின்றதும், கொலைக்கருவியை அகற்றியதும் குற்றமாகா. ஆனால் வணிகனின் நிலையில் நின்று பார்த்தால், அவன் உயிரைப் போக்கிய கை ஊர் அவையின் கையே. அணங்கு கள்வர்போல் வேடம் பூண்டு, 'தம் இறை'யின் வழியாகக் கொல்கிறது. தொல்காப்பியர் வகுத்த நான்கனுள் மூன்று இங்கே ஒன்றாகி நிற்கின்றன.

மேசை விளையாட்டை நடத்துவோர் கொள்ள வேண்டிய பாடம் இங்கே இருக்கிறது. விளையாடுவோரை வணிகனாக்கினால் அவர்கள் பேயோடு போரிட வழி தேடுவர், பகடை உருளும். அவர்களை எழுபதின்மர் ஆக்க வேண்டும். கத்தியை வாங்கலாமா என்னும் முடிவு அவர்களுடையதாக வேண்டும். இவ்விளையாட்டில் வாயால் சொல்வதே செய்வது. 'உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு' என்று ஒருவர் மேசையில் உரைத்துவிட்டால், பழையனூர் அவையில் உரைத்ததற்கும் அதற்கும் வேறுபாடு மிகச் சிறிதே. விடிந்தபின் பிணத்தின்முன் நிற்கும்போது அவர்களுக்கு எழும் அச்சத்தை எந்த எண்ணும் குறைக்காது. 1981-இல் சாண்டி பீட்டர்சன் அமைத்த 'கால் ஆஃப் கதுல்ஹு' என்னும் விளையாட்டில், கொடியவற்றைக் காணக்காணப் பாத்திரத்தின் மனத்தெளிவு எண்ணளவில் குறைந்துகொண்டே வரும். உடற்காயத்தைவிட அது மேலான உத்தி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அங்கும் அச்சம் காணப்படும் பொருளிலிருந்தே வருகிறது. பழையனூரில் அது தான் செய்த செயலிலிருந்து வருகிறது.

களம் வேண்டுமாயின் தொலைவில் தேட வேண்டியதில்லை. தில்லை என்று சிதம்பரத்திற்குப் பெயர் தந்த மரம் இன்று பிச்சாவரத்து உப்பங்கழிகளில் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். பார்வைக்கு அது மற்றுமொரு பசுமரமே. கிளையை ஒடித்தவனுக்கே அதன் தன்மை தெரியும். சிதம்பரத்தின் வடவெல்லையில் கோயில் கொண்டிருக்கும் தில்லைக்காளியின் திருவுருவம் குங்குமக்காப்பால் மூடப்பட்டிருக்கும். வழிபடுவோர் காண்பது பெரும்பாலும் செம்மையை, உருவத்தையன்று. மறைத்து வைத்தலின் ஆற்றலை இவ்வூர் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. நீர்வழிகள் பின்னிக் கிடக்கும் அக்கழிக்காட்டின் ஓரத்தில் சிற்றூர் ஒன்றை அமைத்து, மாலை மங்கும் வேளையில் ஒருத்தி குழந்தையோடு படகிலிருந்து இறங்குவதாகத் தொடங்கினால் போதும். அவளைப் பற்றிய வருணனை குறைவாக இருத்தல் நன்று. குழந்தையின் கை சற்றே கரகரப்பாக இருந்தது என்னும் ஒரு குறிப்பு மட்டும், அதனைத் தூக்கியவரிடம் சொல்லப்படலாம். பெரும்பாலும் அவர் அதனைப் பொருட்படுத்த மாட்டார். பின்னர் நினைத்துக்கொள்வார்.

இவ்விடத்து ஒரு கவலையும் சொல்லத்தக்கது. இக்கதையிலிருந்து மக்கள் வழக்கிற்கு வந்து நிலைத்தது எழுபதின்மரின் வாய்மையைக் காட்டிலும் 'நீலிக் கண்ணீர்' என்னும் தொடரே. அழும் பெண் நடிக்கிறாள் என்று சொல்ல அது எளிய கருவியாயிற்று. வழக்குரைக்க வந்த எத்தனையோ பெண்களின் வாயை அத்தொடர் அடைத்திருக்கும். நீலியும் ஒரு காலத்தில் கொலையுண்ட மனைவி என்பதும், அவள் இன்று சொல்வது பொய்யாயினும் அவள்பட்ட துன்பம் பொய்யன்று என்பதும் அத்தொடரில் காணாமற்போயின. ஆகவே அவளைப் படைப்பவர் அவளுடைய வழக்கையும் சேர்த்தே படைக்க வேண்டும். வணிகன் முற்றும் குற்றமற்றவன் அல்லன் என்பது விடியும்முன் எங்கேனும் கசிய வேண்டும். வெறுந்தீமையாக நிற்கும் பேயை வெறுத்துவிட்டுத் தூங்கலாம். நியாயத்தில் ஒரு பங்கு உடைய பேயை அவ்வாறு விலக்கிவிட இயலாது.

இன்னொன்று. ஒருமுறை ஏமாந்தவர்கள் மறுமுறை ஏமாற மாட்டார்கள், இவ்வுத்தி ஒரே இரவோடு தீர்ந்துவிடும் என்று சிலர் தடைகூறலாம். தீராது. சில வாரம் கழித்து அதே விளையாட்டில், அதே ஊருக்கு, மற்றொருத்தி குழந்தையோடு வரட்டும். இவள் பேயன்று, கணவனால் உண்மையாகவே துரத்தப்பட்டவள், அவன் பின்னாலேயே கத்தியோடு வருகிறான். தன்னைக் காப்பாற்றுமாறு இவளும் அழுகிறாள். குழந்தையின் கையைத் தொட்டுப் பார்க்கச் சிலர் எழுவர். கத்தி அவன் கையிலேயே இருக்கட்டும் என்று ஒருவர் சொல்லுவார். அவர்கள் தம்முள் வாதிடத் தொடங்கிய பிறகு, கதை நடத்துவோர் வாய்திறக்க வேண்டிய தேவை நெடுநேரம் இராது.