அறுபதுக்கு மேல் ஆங்கிலம்



காரிமங்கலம் சந்தையில் எத்தனை கைமாறினாலும் கணக்கை மனத்திலேயே போட்டுவிடுவேன். ஆயினும் வங்கியிலிருந்து கைப்பேசிக்கு வரும் ஆங்கிலச் செய்தி என்னைத் திகைக்க வைத்தது. பணம் வந்ததா, போனதா? அடுத்த வீட்டுச் சிறுவனிடம் காட்டிக் கேட்பேன். என் வரவு செலவு தெருவுக்கே தெரிந்தது.

1978-இல் தொடங்கிய தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டமும், 1990-களின் அறிவொளி இயக்கமும் முதியோர் பலருக்குத் தமிழெழுத்தை அளித்தன. ஆங்கிலத்துக்கு எனக்கு வாய்த்த பள்ளி வாட்ஸ்அப். வெளியூரிலுள்ள பேத்தி நாள்தோறும் ஒரு சொல்லை எழுதி, குரலிலும் பதிந்து அனுப்புவாள். நான் திருப்பிச் சொல்லி அனுப்புவேன். பத்து முறை கேட்டாலும் கைப்பேசி முகம் சுளிப்பதில்லை.

‘கிரெடிட்’ என்றால் வரவு. ‘டெபிட்’ என்றால் பற்று. அடுத்துக் கற்றது ‘ஓ.டி.பி.’, அதாவது ஒரே முறை பயன்படும் இரகசிய எண். ஒருநாள் வங்கி அதிகாரி என்று கூறி ஒருவன் அந்த எண்ணைக் கேட்டான். எவரிடமும் சொல்லலாகாது என்று செய்தியிலேயே இருந்த ஆங்கில வரியை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன், பேச்சைத் துண்டித்தேன். சேமிப்பு தப்பியது.

முதியோரே, நாணம் வேண்டா. இலக்கணம் பிறகு வரட்டும். நம் கைப்பேசிக்கு வரும் சொற்களிலிருந்தே தொடங்குவோம்.