விண்ணிலிருந்து அளக்கப்படும் நிலத்தாழ்வு

இமயச் சரிவிலுள்ள ஜோஷிமட் நகரில் 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் கண்டதை நாம் அறிவோம். அந்நகரம் பழைய நிலச்சரிவின் குவியல்மேல் நிற்கிறது என்று 1976-லேயே மிஸ்ரா குழு எச்சரித்திருந்தது.

தரை தாழ்வதை விண்ணிலிருந்து எங்ஙனம் அறிகிறோம்? செயற்கைக்கோள் ராடார் அலையைச் செலுத்தி, அது தரையில் பட்டு மீள்வதைப் பதிவு செய்கிறது. பின்னொரு நாள் அதே பாதையில் வந்து மீண்டும் பதிவு செய்கிறது. இடையில் தரை தாழ்ந்திருப்பின், மீளும் அலையின் ஏற்ற இறக்கம் முன்னதனோடு பொருந்தாது; அந்த வேறுபாடே நமக்கு அளவுகோல். ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் அனுப்பும் அலையின் நீளம் ஏறத்தாழ 5.6 சென்டிமீட்டரே, ஆதலின் மிகச் சிறு தாழ்வும் புலனாகிறது. இருளும் மேகமும் தடையல்ல. மரமடர்ந்த இடங்களில் மட்டும் கணக்குப் பிசகும்; கட்டடங்கள் நிறைந்த ஊரே இதற்கு ஏற்றது.

2022 டிசம்பர் 27 முதல் 2023 ஜனவரி 8 வரை, பன்னிரண்டே நாட்களில், ஜோஷிமட்டின் ஒரு பகுதி 5.4 சென்டிமீட்டர் தாழ்ந்ததாக இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் அறிவித்தது. மக்களிடையே குழப்பம் விளையும் என்று கருதி, அவ்வறிக்கை விரைவிலேயே இணையத்தினின்று விலக்கப்பட்டது. இது நமக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. சுவர் பிளந்த வீட்டுக்காரர் முன்னமே கலங்கியிருக்கிறார்; தம் தெரு எவ்வளவு தாழ்ந்தது என்பதை அவரன்றோ முதலில் அறிய வேண்டியவர்?