நெருஞ்சி: மலர் தந்த முள்



மேய்ச்சல் தரையில் மண்ணோடு மண்ணாகப் படரும் நெருஞ்சியை ‘ஒருவகை முட்செடி’ என்று உரையில் குறித்துவிட்டு அப்பாற் செல்வது எளிது. அவ்வாறு செல்பவர் ஒரு நல்ல கவிதையை இழந்துவிடுகிறார்.

குறுந்தொகை 202ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையாரின் தலைவி, முன்பு இனியனாயிருந்து இப்போது இன்னா செய்யும் தலைவனுக்கு நெருஞ்சியை உவமை கூறுகிறாள். கருவேலில் முள் கிளையில் இருக்கிறது. பூ வேறு, முள் வேறு. நெருஞ்சியின் தண்டிலோ இலையிலோ முள் இல்லை. ஐந்து இதழ் கொண்ட அந்த மஞ்சள் பூவே காயாகிறது. அந்தக் காயே முள்ளாகிறது. இனிமை செய்தவனும் துன்பம் செய்தவனும் ஒருவனே என்பதற்கு இதனினும் பொருத்தமான செடி முல்லை நிலத்தில் உண்டோ? வள்ளுவரும் 1120ஆம் குறளில் நெருஞ்சி முள் என்னாது நெருஞ்சிப் பழம் என்றே சொல்லாட்சி செய்கிறார். செடியைக் குனிந்து பார்த்தவரின் சொல் அது.

காய் முற்றினால் ஐந்து துண்டாகப் பிரியும். எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேல் நோக்கும். பகைவரின் கால்களைத் தடுக்கத் தரையில் இறைத்த இரும்பு முள்ளாகிய ‘கப்பணம்’ ஆனைநெருஞ்சி முள்ளின் வடிவினது என்று அகராதி பொருள் கூறுகிறது. இலத்தீனில் ‘திரிபுலஸ்’ என்னும் ஒரே சொல் அந்தப் போர்க்கருவிக்கும் முட்செடிக்கும் வழங்கியது. 1753இல் லின்னேயசு இச்செடிக்கு அதனையே பெயராக்கினார். தொடர்பில்லாத இரு மொழியினரும் ஒன்றையே கண்டிருக்கின்றனர்!

மருத்துவத்தில் நெருஞ்சி நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் குடிநீராகிறது. தசமூலம் பத்தில் ஒன்று. இங்கே பெயர் குழம்பினால் மருந்தும் குழம்பும். ஆனைநெருஞ்சி பெயரால் உறவே தவிரக் குடும்பத்தால் எள்ளுக்கு இனம். அதன் பசுந்தழையை நீரிலிட்டுக் கலக்கினால் நீர் வழுவழுவென்று கொழகொழக்கும். சிறுநெருஞ்சியில் அது நிகழாது. நாட்டு மருந்துக் கடைகளில் இரண்டின் காயும் நெருஞ்சி என்றே விலையாவதுண்டு.

பசுமையில் ஆடுகள் இதனை மேயும். ஆனால் தென்னாப்பிரிக்காவின் காரூ வறள்நிலத்தில் வாடிய நெருஞ்சியை மிகுதியாகத் தின்ற செம்மறிகளுக்கு ஈரல் கெட்டு, மஞ்சள் பூத்து, முகம் வீங்கும். அந்நாட்டார் அந்நோயை ‘மஞ்சள் தடித்தலை’ என்பர். ஞாயிற்றை எதிர்கொள்ளும் பூவென்று புறநானூறு 155 கூறும் செடி இது. அதனைத் தின்று நோயுற்ற ஆடோ வெயில் பொறாது நிழலுக்கு ஓடுகிறது.