ஓடைக்கரையே தவளையின் பாதை



சாலை, குடிநீர், பள்ளிக்கூடம் இவற்றைப் பற்றியே நாம் கூடிப் பேசுவது வழக்கம். இன்று தவளைகள் செல்லும் பாதையைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம். இது வேடிக்கையன்று. பயிரை அழிக்கும் பூச்சிகளைத் தின்று, கூலி கேளாமல் நமக்கு உழைப்பது தவளை. தவளைக்கால் ஏற்றுமதியை மைய அரசு 1987-ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. ஆனால், பிடிப்பதை நிறுத்தினால் மட்டும் போதாது. அவை செல்லும் வழியும் வேண்டும்.

ஆனைமலைத் தொடரிலுள்ள வால்பாறைப் பீடபூமியைப் பாருங்கள். 1890-களிலிருந்து அங்கே காட்டை வெட்டிக் காப்பியும் தேயிலையும் பயிரிட்டார்கள். இன்று தேயிலையின் நடுவே காடு துண்டு துண்டாக நிற்கிறது. ஒரு துண்டிலிருந்து மற்றொன்றுக்கு யானை ஒரே இரவில் நடந்துவிடும். தவளையால் இயலுமா?

தவளை தோலாலும் மூச்சு விடுகிறது. அதற்குத் தோல் ஈரமாக இருத்தல் வேண்டும். நிழலற்ற வெளியில் அதன் உடல் உலர்ந்துவிடும். ஆகவே மழை பெய்யும் இரவுகளில், சருகும் நிழலும் உள்ள இடங்களின் வழியாகவே அது நகர்கிறது. மரம் அடர்ந்த ஓடைக்கரை அதற்கு ஏற்ற வழி. மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்களில் வாழும் சிறு தவளைகள் பலவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. முட்டையிலிருந்து நேரே குஞ்சுத் தவளையாக வெளிவருகின்றன. ஓடைநீர் இக்குஞ்சுகளைச் சுமந்து செல்வதில்லை. இவற்றுக்குக் கரையிலுள்ள செடியும் சருகுமே துணை.

வழி அடைபட்டால் என்ன நேரும்? ஒரு துண்டுக்காட்டில் சிக்கியவை தமக்குள்ளேயே இனம்பெருக்கி வலிவு குன்றும். நோயாலோ வறட்சியாலோ அவை மடிந்தால், அவ்விடத்தில் மீண்டும் குடியேற வேறொரு தவளை வாராது.

மலையடிவாரத்து ஊர்களிலும் தவளையின் தோல் அதே தோல்தான். கரையில் மரத்தை விட்டுவைத்தால் நிலம் வீணாகாதோ என உழவர் கேட்கலாம். அம்மரங்களின் வேரே வெள்ளத்தில் கரை சரியாமல் வயலைக் காக்கிறது என்பதை அவர்கள் அறியாதவர் அல்லர்.

ஆதலின் ஓடைப் புறம்போக்கில் மரம் வெட்ட இடம் தராதீர்கள். சருகைக் கொளுத்தாதீர்கள். வெற்றிடங்களில் நாவல், புங்கு, நீர்மருது நடுங்கள். ஓடையோரம் பூச்சிமருந்து தெளிப்பதைத் தவிருங்கள். சாலைக்கடியில் குழாய் பதிக்கும்போது அதன் வாய் தரைமட்டத்தில் அமையட்டும்.

அடுத்த கிராம சபையில் உங்கள் ஊர் ஓடை ஒன்றின் பெயரைக் குறித்து, அதன் கரையைக் காப்பதெனத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். பெருஞ்செலவில்லாத பணி இது. தொடங்க ஒரு மழைக்காலம் போதும்.