டக்... டக்...

மறைமலைநகரில் ஒரு கம்ப்யூட்டர் கடை. பழைய சிபியு ஒன்றைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். "தம்பி, பொண்ணு கல்யாணப் போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு." கடைக்காரர் சுவிட்சைப் போட்டார். உள்ளிருந்து 'டக்... டக்...' என்று சத்தம். சட்டென்று அணைத்துவிட்டார். கெட்டிக்காரர்!

ஹார்ட் டிஸ்க்கின் தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும். படிக்கும் முனை அதைத் தொடாது. தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் மிதக்கும். 'டக்... டக்...' என்று சத்தமிடும் பழுதான முனையை ஓடவிட்டால் தட்டையே சுரண்டிவிடும். சுரண்டிய இடத்தில் இருந்தது போனது போனதுதான்.

தட்டு பிழைத்தால் நம்பிக்கை உண்டு. 2003 பிப்ரவரி 1. நம் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரையும் பலிகொண்டு கொலம்பியா விண்கலம் சிதறியது. மாதங்கள் கழித்து டெக்சாஸில், வற்றிய ஏரிப்படுகையில் அதன் ஹார்ட் டிஸ்க் ஒன்று கிடைத்தது. கருகி, உருகி, உள்ளே மண். ஆனாலும் தகவலில் 99 சதவீதத்தை மீட்டார்கள்! அந்த ஏழு பேர் விண்வெளியில் நடத்திய செனான் வாயு ஆய்வின் முடிவு 2008-ல் வெளியானது.

அந்த 'டக்... டக்...' சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். தட்டிப் பார்க்காதீர்கள், வீட்டில் திறக்காதீர்கள். விவரம் தெரிந்தவர் முதலில் முழு நகல் எடுத்து, நகலில்தான் தேடுவார். நன்றாக ஓடும்போதே, இன்றைக்கே, இன்னொரு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.