அரசுக்குச் சமயம் எதற்கு?

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற கிழமை வகுப்பில் மாணாக்கன் ஒருவன் வினவினான்: "பெரும்பான்மையோர் சமயத்தை அரசு காப்பதில் தவறென்ன ஐயா?" நல்ல வினா. இலங்கை வரலாற்றையே அவனுக்கு விடையாகச் சொன்னேன். ஈண்டும் அதனையே சொல்வேன்.

முன்னதாக ஒன்று. புத்தர்மீது நமக்குப் பகையில்லை. மணிமேகலை தந்த மொழி நம் மொழி. யான் பழிப்பது அரசுகட்டில் ஏறிய சமயத்தையே.

1947ஆம் ஆண்டுச் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, எச்சமயத்தார்க்கும் பிறர்க்கில்லாச் சிறப்புரிமை தரும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றலாகாதெனத் தடுத்தது. அவ்வேலி இருக்கும்போதே, 1956ஆம் ஆண்டுத் தேர்தலில் புத்தத் துறவியர் பண்டாரநாயகாவுக்கு ஒப்போலை திரட்டினர். அவர் வென்றார், சிங்களமே ஆட்சிமொழியாயிற்று. மறு ஆண்டு, தமிழர்க்குச் சிறிதளவு ஆட்சியுரிமை தருவதாகச் செல்வநாயகத்துடன் உடன்படிக்கை செய்தார். 1958 ஏப்பிரலில் துறவியர் அவர் மனைமுன் அமர்ந்து மறித்தனர். உடன்படிக்கை கைவிடப்பட்டது. மக்கள் தேர்ந்த தலைமையமைச்சர், தாம் இட்ட கையெழுத்தைத் தம் வாயிலிலேயே அழித்தார்! அடுத்த திங்களில் தமிழர் குருதி ஓடிற்று.

அவரேனும் தப்பினாரா? 1959ஆம் ஆண்டில் அதே மனையில் துறவி ஒருவர் அவரைச் சுட்டார், மறுநாள் இறந்தார். அக்கொலைச் சூழ்ச்சிக்காக ஒறுக்கப்பட்டவர், தேர்தலில் அவர்க்குத் துணைநின்ற களனி விகாரைத் தலைமைத் துறவியே. துவராடைக்குள் துப்பாக்கி புகுந்தது. கொல்லாமை பேசிய சமயத்திற்கு இதனினும் இழிவுண்டோ?

அதன்பின்னும் தெளிந்தாரில்லை. 1972ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பில் பழைய 29ஆம் பிரிவு இல்லை. புத்தத்திற்கு முதன்மையிடம் தந்து, அதனைக் காத்து வளர்த்தல் அரசின் கடமையென எழுதினர். பிற சமயத்தார்க்கும் உரிமையுண்டென்று ஓர் ஒட்டு வேறு! ஒருவனைத் தலைவாழையிலைமுன் அமர்த்திவிட்டு, ஏனையோர்க்கும் அடுக்களையில் சோறுண்டு என்பது போன்ற உரிமை அது.

அவ்வாண்டே செல்வநாயகம் தம் நாடாளுமன்ற இருக்கையைத் துறந்தார். அவர் கிறித்தவர். அவரைத் தந்தையென அழைத்த ஈழத்தமிழருள் பெரும்பாலோர் சைவர்.

இதைக் கேட்ட மாணாக்கன் சற்றே வாளாவிருந்தான். பின், "அச்சட்டம் இப்போது என்னாயிற்று ஐயா?" என்றான்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் உறுப்பாக இன்றும் நிற்கிறது என்றேன்.