இடியைத் திருடியவர்கள்

1709, லண்டன் ட்ரூரி லேன் அரங்கு. நாடக ஆசிரியர் ஜான் டென்னிஸ் தன் நாடகத்துக்காக இடிச் சத்தம் எழுப்பப் புது உத்தி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். இடி நன்றாக முழங்கியது. நாடகம் ஓடவில்லை, சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். பிறகு டென்னிஸ் அங்கே 'மேக்பெத்' நாடகம் பார்க்கப் போனார். மேடையில் முழங்கியது அவருடைய இடி! என் நாடகம் வேண்டாம், இடி மட்டும் வேண்டுமா என்று கொதித்துப்போனாராம். நியாயமான வயிற்றெரிச்சல்தான், பாவம்.

'ஸ்டீல் மை தண்டர்', அதாவது 'என் இடியைத் திருடு' என்ற ஆங்கில வழக்கு அப்படி வந்ததுதான். நமக்குச் சேர வேண்டிய பேரையோ கவனத்தையோ இன்னொருவர் முந்திக்கொண்டு தட்டிச்சென்றால் அப்படிச் சொல்வார்கள். கல்யாண விருந்தில் வாழ்த்த எழுந்த தோழி, தனக்கும் நிச்சயமாகிவிட்டது என்று மோதிரத்தைக் காட்டுகிறாள். எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்புகிறது. மணப்பெண்ணின் இடி போயிற்று.